ஊரில் தபால், வெளிநாட்டில் நாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரன். பதினான்கு வருஷமாக சிங்கப்பூரில். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், அக்காவும் அம்மாவும் ஊரில். அப்பா போன பிறகு போஸ்ட் ஆபீஸில் அவர் போட்டுவைத்திருந்த பணத்தை எடுக்க எங்களுக்கு இரண்டேகால் வருஷம் பிடித்தது. அந்த அலைச்சலுக்குப் பிறகு ரூமில் இருக்கிற பையன்கள், சித்தப்பா மகன், ஊர்த் திருவிழாவில் பார்க்கிறவர்கள் என்று எல்லாரும் என்னிடமே வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று: தபால் சிக்கலில் பாதிக்கு மேல் தூரத்தால் வருவதில்லை. ஊரில் கவுண்டருக்கு முன்னால் நமக்காக நிற்கிற ஆளின் கையில் என்ன தாள் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஊருக்கு அனுப்பும் கவரில் முகவரியை எப்படி எழுதுவது? கூகுள் மேப்பில் வருவதையே எழுதலாமா?

வேண்டாம். மேப்பில் வருவது தபால்காரருக்குப் புரிகிற முகவரி இல்லை. பெயர், அதற்குக் கீழே அப்பா பெயர் அல்லது வீட்டுக்காரர் பெயர், கதவு எண், தெரு (கீழத்தெருவா மேலத்தெருவா என்பது முக்கியம், எல்லா ஊரிலும் இரண்டும் இருக்கும்), ஊர், பிறகு "அஞ்சல்" என்று போட்டு உங்கள் ஊருக்குத் தபால் வருகிற கிளை அஞ்சலகத்தின் பெயர், "வழி" என்று போட்டு அதற்கு மேலே இருக்கிற துணை அஞ்சலகம், வட்டம், மாவட்டம், பின்கோடு. இந்த "வழி"யைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். நல்லூர், புத்தூர், மேலையூர் என்று டெல்டாவில் ஒரே பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வழி இல்லாவிட்டால் தபால் வேறு நல்லூரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

அப்பா பெயர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கிராமத்தில் கதவு எண் பழையது, புதியது என்று இரண்டு இருக்கும், இரண்டுமே சுவரில் அழிந்திருக்கும். போஸ்ட்மேன் ஆளை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்.

அதோடு கைபேசி எண். ஊரில் யார் கையில் எப்போதும் போன் இருக்குமோ அவர் எண். உங்கள் பழைய இந்திய சிம் எண்ணை எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை, அது ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும்.

பின்கோடு சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் தாமதம். ஏன்?

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சங்கதி உண்டு. இங்கேயும் அஞ்சல் எண் ஆறு இலக்கம், நம் ஊரிலும் ஆறு இலக்கம். மயிலாடுதுறை 609001, திருவாரூர் 610001, நாகப்பட்டினம் 611001, கும்பகோணம் 612001, தஞ்சாவூர் 613001, மன்னார்குடி 614001. முதலில் வரும் இந்த 60, 61 இரண்டும் சிங்கப்பூர்க் கணக்கில் ஜூரோங் பக்கத்து எண்கள். அதாவது கும்பகோணத்து எண்ணைப் பார்க்கிற கண்ணுக்கு அது ஜூரோங் எண் மாதிரியே தெரியும். அதனால் கடைசி வரியில் இந்தியா என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தனியாக, கொட்டை கொட்டையாக எழுதுங்கள். பின்கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் எழுதாதீர்கள்.

இன்னொன்று, மாவட்டம் மாறினால் பின்கோடு மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டம் ஆனது, பின்கோடு அப்படியேதான் இருக்கிறது. 1972இல் இந்த எண்களைக் கொண்டுவந்ததே தபாலைப் பிரிக்கத்தான், வருவாய்த் துறைக் கணக்குக்கு இல்லை. ஆதாரில் "நாகப்பட்டினம் மாவட்டம்" என்றும் புது ஆவணத்தில் "மயிலாடுதுறை மாவட்டம்" என்றும் இருந்தால் தபாலுக்குப் பிரச்சினை இல்லை, கவுண்டரில் சரிபார்க்கிறவருக்குத்தான் பிரச்சினை. பதில் சொல்லத் தயாராகப் போகச் சொல்லுங்கள்.

வீட்டில் அம்மா மட்டும். டெபிட் கார்டு ஸ்பீடு போஸ்டில் வந்தது, "கதவு பூட்டியிருந்தது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா வீட்டில்தான் இருந்தேன் என்கிறார். யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கும். அம்மா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்திருப்பார். கிராமத்துக் கிளை அஞ்சலகம் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம்தான் இயங்கும். காலையில் துணை அஞ்சலகத்திலிருந்து பை வரும், பிரித்து எடுத்துக்கொண்டு ஒரே ஆள் நாலு ஊருக்குச் சைக்கிளிலோ வண்டியிலோ போவார், திரும்பி வந்து பையைக் கட்டி அனுப்ப வேண்டும். வாசலில் நின்று பத்து நிமிஷம் கூப்பிட அவருக்கு நேரமில்லை.

கொடுக்க முடியாத தபாலைப் பொதுவாக ஏழு நாள் அஞ்சலகத்தில் வைத்திருப்பார்கள். அதற்குள் அடையாள அட்டையோடு போனால் வாங்கிக்கொள்ளலாம். தபால் உங்கள் பெயருக்கு வந்திருந்தால், "என் பெயருக்கு வரும் தபாலை என் தாயார் பெற்றுக்கொள்ளலாம்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம், உங்கள் பாஸ்போர்ட் நகல், அம்மாவின் ஆதார் நகல் மூன்றையும் முன்கூட்டியே போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்து வையுங்கள். தபால் வந்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதி, ஸ்கேன் செய்து, அக்கா பிரிண்ட் எடுக்கக் கடைத்தெருவுக்குப் போய், அதற்குள் எட்டாவது நாள் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஒரு பான் கார்டு போனது.

வங்கிக்காரர்கள் சில உறைகளை ஆள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அதற்குக் கடிதம் உதவாது. லீவில் ஊருக்குப் போகும்போது அந்த மாதிரி கார்டுக்கு விண்ணப்பியுங்கள்.

பதிவுத் தபாலையே எடுத்துவிட்டார்களாமே?

2025இல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பெயருக்கு உரியவரிடமே கொடுக்க வேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட் போடும்போது "பதிவு" என்று கேட்டு வாங்க வேண்டும், கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஓடிபி சொன்னால்தான் கொடுப்பது என்றும் ஒரு வசதி வந்திருக்கிறது. ஓடிபி யார் போனுக்குப் போகும் என்று மேலே சொன்ன சிம் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வக்கீல்களும் பழைய ஆட்களும் இன்னும் "ரிஜிஸ்தர் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பு" என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

பார்சலில் "கிஃப்ட்" என்று எழுதினால் சுங்க வரி இல்லைதானே?

இல்லை. அது பழைய கதை. 2019 டிசம்பரில் மத்திய அரசு அன்பளிப்பு என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் வரி இல்லாமல் பொருள் வருவதை நிறுத்திவிட்டது. விலக்கு உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும். ராக்கி கட்டுகிற வழக்கம் நமக்கு இல்லை, ஆக நமக்கு மருந்து மட்டும். மற்றபடி வரி கட்டினால் வரும்.

சுங்கப் படிவத்தில் (சின்னதுக்கு சிஎன் 22, பெரிதுக்கு சிஎன் 23) "துணிமணி, சாக்லேட்" என்று மொத்தமாக எழுதாமல் சட்டை 3, சாக்லேட் 2 பாக்கெட் என்று விலையோடு எழுதுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி நண்பர்கள் யோசனை சொல்வார்கள். சந்தேகம் வந்தால் சுங்கத்திலிருந்து ரசீது கேட்டு ஊர் முகவரிக்குக் கடிதம் போகும், ஆங்கிலத்தில் இருக்கும் அந்தக் கடிதத்தை அம்மா காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொல்வார். ரசீதின் படத்தை ஊரில் ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். வரி போட்டிருந்தால் பார்சலைக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வார்கள், கையில் சில்லறைப் பணம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பார்சல் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. யாரிடம் புகார் சொல்வது?

முதலில் எண்ணைப் பாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இரண்டு எழுத்து. கடைசி இரண்டும் புறப்பட்ட நாடு: எஸ்ஜி என்றால் சிங்கப்பூர், ஐஎன் என்றால் இந்தியா. முதல் எழுத்து இ என்றால் இஎம்எஸ் (வெளிநாட்டு விரைவுத் தபால்), ஆர் என்றால் பதிவு, சி என்றால் பார்சல். அதே எண்ணை இரண்டு நாட்டு அஞ்சல் தளத்திலும் போட்டுப் பாருங்கள், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும்.

நம் ஆட்கள் எல்லாரும் தவறுவது இதற்கடுத்த இடத்தில். பார்சல் சென்னையில் நிற்கிறது என்று தெரிந்தால் அக்காவை ஊர் போஸ்ட் ஆபீஸுக்கு விரட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து போட்ட தபாலுக்கு விசாரணையைத் தொடங்க வேண்டியது அனுப்பியவர், அனுப்பிய நாட்டு அஞ்சலகத்தில். போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். ஊர் போஸ்ட்மாஸ்டரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, அந்தப் பார்சலை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஊருக்குள்ளேயே அனுப்பியதில் பிரச்சினை என்றால் 1800 266 6868. இங்கிருந்து அந்த இலவச எண்ணுக்கு எனக்கு லைன் கிடைத்ததே இல்லை, ஊரில் இருப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் எழுதலாம், அது எங்கிருந்தும் வேலை செய்யும். இழப்பீட்டில் ரொம்ப ஆசை வைக்காதீர்கள்: உள்நாட்டு ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், எது குறைவோ அது. விலை உள்ள பொருளை இன்சூர் செய்து அனுப்புங்கள்.

ஊரிலிருந்து இங்கே என்னென்ன வரவழைக்கலாம்?

வடகம், மோர்மிளகாய், காபித்தூள் எல்லாம் பிரச்சினை இல்லாமல் எனக்கு வந்திருக்கிறது. ஊறுகாய் வந்தது, ஆனால் எண்ணெய் கசிந்து கூட வந்த வேட்டி மாவடு வாசனையோடு வந்தது, இன்னும் போகவில்லை. வெற்றிலை அனுப்பச் சொல்லி யாரும் கேட்காதீர்கள், வந்து சேர்வதற்குள் சருகாகிவிடும், தவிர பச்சைச் செடிகொடி எந்த நாட்டிலும் கெடுபிடி. ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் தின்பண்டம் எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு: 800 டாலருக்குள் இருந்தால் வரியில்லை என்ற சலுகையை 2025 ஆகஸ்டு கடைசியில் அந்த நாட்டில் எடுத்துவிட்டார்கள். அதனால் இந்திய அஞ்சல் துறை கொஞ்ச நாள் அங்கே பார்சல் எடுக்கவே இல்லை, அக்டோபர் 15க்குத்தான் மறுபடி தொடங்கியது. இப்போது வரியோடு சேர்த்துக் கவுண்டரில் கணக்குப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

சுவாமிமலைச் சிலை, தஞ்சாவூர் ஓவியம் வாங்கி அனுப்புகிறவர்கள் கடையில் பழம்பொருள் அல்ல என்ற சான்று கேளுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பது 1972ஆம் வருஷத்துச் சட்டம். நேற்று வார்த்த நடராஜராக இருந்தாலும் அது நேற்று வார்த்தது என்று சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? தாத்தா காலத்துப் பூஜை விக்கிரகத்தை அனுப்பச் சொல்கிறவர்களுக்கு என் பதில்: அது ஊரிலேயே இருக்கட்டும்.

நான் வெளிநாடு வந்த பிறகு போஸ்ட் ஆபீஸ் கணக்கு என்ன ஆகும்?

என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆன பிறகு அஞ்சலகச் சேமிப்புத் திட்டங்களில் புதிதாகச் சேர முடியாது. ஊரில் இருந்தபோது தொடங்கிய பிபிஎஃப்பை (பொது வருங்கால வைப்பு நிதி) 15 வருஷ முதிர்வு வரை ஓட்டலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் தொடர்ந்து மூன்று நிதியாண்டு போடுவதோ எடுப்பதோ இல்லாவிட்டால் கணக்கு உறங்கிவிடும். எழுப்ப விண்ணப்பம், பாஸ்புக், அடையாள ஆவணம் வேண்டும். குறைந்தபட்சம் 500 ரூபாய் இல்லாவிட்டால் வருஷத்துக்கு 50 பிடிப்பார்கள். லீவில் போகும்போது ஒரு நூறு ரூபாய் போட்டு எடுங்கள், வேலை முடிந்தது.

அப்பா இறந்துவிட்டார். அவர் கணக்கை எப்படி முடிப்பது? நாங்கள் யாரும் ஊரில் இல்லை.

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

நாமினி உயிரோடு இருந்தால் எளிது. உரிமைகோரும் படிவம், இறப்புச் சான்று, பாஸ்புக், நாமினியின் அடையாள ஆவணம். எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், வேட்டிக்கு அடியில் பாஸ்புக், நாமினி இடத்தில் அப்பாயி (அப்பாவின் அம்மா) பெயர். அப்பாயி போய் பதினொரு வருஷம். அப்பா மாற்றவே இல்லை, நாங்களும் கேட்கவே இல்லை.

நாமினி இல்லாவிட்டால், தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால், இறந்து ஆறு மாதம் கழித்து கோர்ட்டுக்குப் போகாமலே வாங்க வழி இருக்கிறது. ஒருவர் பெயரில் கோரிக்கை, பிணையப் பத்திரம், பிரமாணப் பத்திரம், மற்ற வாரிசுகள் "எனக்கு ஆட்சேபம் இல்லை, உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் கையில் இருக்கட்டும். 5 லட்சத்துக்கு மேல் என்றால் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டும்.

சொல்ல எளிது. நான் கொடுத்த பத்திரத்தை ஒரு நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அக்கா கொண்டுபோய்க் கொடுத்தார். கவுண்டரில் இருந்தவர் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு "இது எந்த ஊர் நோட்டரி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தியத் தூதரகத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதற்குள் தம்பியின் பத்திரத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போல் அப்பா பெயரோடு நீளமாக, வாரிசுச் சான்றில் இனிஷியலோடு. அப்பாவுக்கே பாஸ்புக்கில் "எஸ்", இறப்புச் சான்றில் "சு". இரண்டும் தாத்தா சுப்பிரமணியனின் முதலெழுத்துதான் என்று தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? "எனக்குத் தெரியும் தம்பி, மேலே ஆடிட்டுக்கு வருகிறவருக்குத் தெரியாதே" என்றார் அவர். நியாயமாகத்தான் பேசினார், அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் வாங்கினோம். அவர் மாறுதலாகிப் போனார், புதிதாக வந்தவர் முதலிலிருந்து தொடங்கினார்.

நான் செய்யாமல் விட்டு நீங்கள் செய்ய வேண்டியவை: படிவத்தை இணையத்தில் எடுக்காமல் அந்த ஆபீஸிலேயே வாங்கி, எல்லா வாரிசுக்கும் ஒரே எழுத்துக்கூட்டில் பெயர் எழுதி, பிறகு கையெழுத்துக்கு அனுப்புங்கள். தூதரகத்துக்கே நேராகப் போங்கள். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் நகலில் தேதி முத்திரையோடு கையொப்பம் வாங்கச் சொல்லுங்கள், அந்த முத்திரை இல்லாவிட்டால் நீங்கள் எதையும் கொடுக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். இன்றைக்கே அம்மா பாஸ்புக்கில் நாமினி யார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாதா?

நிலம், வீட்டுக்குப் பவர் உதவும். போஸ்ட் ஆபீஸில் அவர்கள் படிவத்தில் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள், முதலில் விசாரித்துவிட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்து சேர்ந்த நாளுக்கு அத்தாட்சி எது? தபால் கவர்தான். அக்கா கவரைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். கவரைப் பத்திரத்தோடு பின் அடித்து வைக்கச் சொல்லுங்கள்.

மனு கொடுத்து மாதக்கணக்கில் பதிலே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம். அஞ்சல் துறை மத்திய அரசுடையது, அதனால் மத்திய அரசின் ஆர்டிஐ தளத்தில் வெளிநாட்டிலிருந்தே போடலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்காக அந்தக் கட்டணத்தைக் கட்ட 2013இல் மின்னணு போஸ்டல் ஆர்டரும் கொண்டுவந்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான், ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு (வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு) இல்லை.

"ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அது கேள்வி இல்லை, திட்டு. "இந்தத் தேதியில் கொடுத்த மனு இப்போது யார் மேஜையில் இருக்கிறது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக" என்று கேளுங்கள். எங்கள் ஃபைல் நகர்ந்தது இந்த ஒரு வரிக்குப் பிறகுதான். பதில் வருவதற்கு முன்பே அக்காவுக்குப் போன் வந்துவிட்டது.

அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன். நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு அலைய முடியவில்லை.

போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்து டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். ஐப்பசி கார்த்திகை மழையில் இது பெரிய உபகாரம். வயலில் வேலை செய்தவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், முகத்தைக் காட்டி எடுக்கிற வழியும் இருக்கிறது.

தபால்காரருக்குத் தீபாவளிக்குக் காசு கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் தபால் வராதா?

வரும். அப்பா கணக்கு முடிந்த அன்று அம்மா அவருக்கு ஒரு டப்பா அதிரசம் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர், நான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பார்சல் ஒன்று காலைப் பையில் வந்திருப்பதாகவும், முகவரியில் "வழி" எழுதாததால் மூன்று நாள் வேறு ஊரைச் சுற்றிவிட்டு வந்ததாகவும் சொல்லிவிட்டுப் போனார்.